மூன்று புரி – 6: முனை வெட்டாத கயிறு

1952ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால், ஜி.என். ராமச்சந்திரனிடம் ஒரு வார்த்தை சொன்னார் என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அந்த வார்த்தை, கொலாஜன். அதன் அமைப்பு இதுதான் என்று பல பேர் மாதிரி போட்டுக் காட்டியிருக்கிறார்கள், ஒன்றும் தேறவில்லை என்றார் பெர்னால்.

புரதப் படிகத்தை எக்ஸ்ரேயால் படமெடுக்க முடியும் என்று 1934இலேயே காட்டியவர் அவர். அவர் வாயிலிருந்து வந்த சொல்லை ராமச்சந்திரன் இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போது வயது முப்பது. எர்ணாகுளத்துப் பிள்ளை, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவர். பெங்களூருக்கு மின்பொறியியல் படிக்கப் போனவரை சி.வி. ராமன் தன் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் இன்னொரு டாக்டர் பட்டம். ராமன் சொன்னதன் பேரில் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அவரைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவந்து, இயற்பியல் துறையின் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்.

எடுத்த வேலை சாதாரணமானதல்ல. நம் உடம்பிலுள்ள புரதத்தில் கால் பங்குக்கு மேல் கொலாஜன்தான். தோல், எலும்பு, பல், தசையை எலும்போடு கட்டும் நாண், ரத்தக் குழாயின் சுவர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கெட்டியாக உறைகிறதே, அது கொதியில் பிரிந்துபோன கொலாஜன். ஆனால் உப்பைப் போலவோ சர்க்கரையைப் போலவோ அது படிகமாவதில்லை. நாராகவே இருக்கும். நாரை எக்ஸ்ரேயில் காட்டினால் படத்தில் சில மங்கலான புள்ளிகளும் வளைவுகளும்தான் விழும். அந்தச் சில புள்ளிகளை வைத்து அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று ஊகிக்க வேண்டும். அமெரிக்காவில் லைனஸ் பாலிங் 1951இல் ஊகித்தார். அவருடைய ஆல்ஃபா சுருள் உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டு அவர் கொலாஜனுக்குச் சொன்ன அமைப்போ தவறு. லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் ஒரு குழு கொலாஜனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பாலிங்குக்கே பிடி கொடுக்காததை, அப்போதுதான் எக்ஸ்ரே கருவிகளை நிறுவிக்கொண்டிருந்த சென்னை ஆய்வகம் பிடிக்குமா?

*

முதலில் நல்ல கொலாஜன் வேண்டும். பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் சுறாத் துடுப்பிலிருந்து எடுத்தது கொஞ்சம் கிடைத்தது. படம் தெளிவாக விழவில்லை.

மத்திய கைலாஷிலிருந்து கிண்டி நோக்கிப் போகும் சர்தார் படேல் சாலை வழியே தினமும் போகிறவர்கள் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலைப் பார்த்திருப்பார்கள். சி.எல்.ஆர்.ஐ. என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். 1948இல் தொடங்கப்பட்டது. ஐ.ஐ.டி. அந்தப் பக்கம் வருவதற்கு இன்னும் பதினோரு ஆண்டுகள் இருந்தன. பதனிட்ட தோல் என்பது கொலாஜன் தவிர வேறில்லை. ஆகவே நாட்டில் கொலாஜனைப் பற்றி அக்கறைப்பட்ட ஒரே பெரிய நிறுவனம், ராமச்சந்திரனின் கிண்டி ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே அமைந்துவிட்டது. அங்கே பணியாற்றிய யெலவர்த்தி நாயுடம்மா பின்னாளில் அதன் இயக்குநரானவர். 1985இல் கனிஷ்கா விமானத்தில் வைக்கப்பட்ட குண்டுக்குப் பலியானவரும் அவர்தான். ராமச்சந்திரன் தேடிய பொருள் அந்த நிறுவனத்தில் இருந்தது. கங்காரு வாலின் தசைநாண்.

அந்த நாணில் நார்கள் நீண்டு, ஒரே திசையில் சீராகப் படுத்திருக்கும். கோபிநாத் கர்த்தா அதை எக்ஸ்ரேயின் முன் நிறுத்திப் படமெடுத்தார். ஆலப்புழைப் பக்கத்துக்காரர், ராமச்சந்திரனின் ஆய்வாளர். இந்த முறை படம் பேசியது.

படத்தோடு இன்னொரு தகவலையும் இருவரும் சேர்த்துப் பார்த்தார்கள். கொலாஜனை உடைத்து அமினோ அமிலங்களை எண்ணியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின். இருபது வகை அமினோ அமிலங்களிலும் மிகச் சிறியது அது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்க ஒரு ஹைட்ரஜன் அணுவைத் தவிர அதனிடம் எதுவும் இல்லை. எதற்காக மூன்றுக்கு ஒன்று என்று இத்தனை சிறியதை வைக்க வேண்டும்?

இடம் இல்லாததால்தான். சென்னைக்காரர்கள் கண்டுபிடித்த விடை இதுவே. மூன்று சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கி நிற்கின்றன. நடுவில் எதுவும் நுழைய முடியாத அளவுக்கு நெருக்கம். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம் அந்த நடுப்பகுதியைப் பார்க்கிறது. அங்கே கிளைசின் மட்டுமே அடங்கும். வேறு எது வந்தாலும் இடிக்கும். ராமச்சந்திரனும் கர்த்தாவும் எழுதிய கட்டுரை 1954 ஆகஸ்ட் 7ஆம் தேதி 'நேச்சர்' இதழில் வந்தது. பட்டறையும் நூலகமும் கையிலிருந்த உபகரணங்களும் வைத்து, சென்னையிலிருந்தே சாதித்தது அது. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை அறிவித்து ஒன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது.

அந்த மாதிரியில் மூன்று சங்கிலிகளும் நேராக நின்றன. படத்தின் சில அளவுகள் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. நிலவு பூமியைச் சுற்றும்போது ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டிக்கொண்டிருப்பதை நினைத்தபோது ராமச்சந்திரனுக்கு வழி தெரிந்தது என்பார்கள். கிளைசின் எப்போதும் மையத்தைப் பார்த்தபடியே சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்ற வேண்டும். தென்னை நார்க் கயிறு திரிக்கிறவர் ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார். அவிழாமல் இருக்க அதுதான் வழி. கொலாஜனிலும் அதேதான். தனிச் சங்கிலி இடப்பக்கம் முறுகும், மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுகும். இந்தத் திருத்திய மாதிரி 1955 செப்டம்பரில் வெளியானது.

நவம்பரில் அடி விழுந்தது. அடித்தவர் பிரான்சிஸ் கிரிக்.

*

கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் கேம்பிரிட்ஜிலிருந்து எழுதினார்கள். மூன்று சங்கிலி முறுகி நிற்பது சரி, ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன, அப்படி இருக்க முடியாது என்றார்கள். ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் சங்கிலிகளுக்கிடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னை. ஒன்றுதான் என்றது கேம்பிரிட்ஜ்.

ராமச்சந்திரன் இதற்கு எதிர்வினையாற்றிய விதம் இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதற்கு எல்லை என்ன? சொல்கிறவர் எதை வைத்துச் சொல்கிறார்? அதுவரை தெரிந்திருந்த படிக அமைப்புகளை எல்லாம் தேடி எடுத்து, உண்மையில் அணுக்கள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று வி. சசிசேகரனோடு சேர்ந்து கணக்கெடுக்கத் தொடங்கினார். அந்தக் கணக்கு கொலாஜனோடு நிற்கவில்லை. புரதச் சங்கிலி எதுவாக இருந்தாலும் அதன் ஒவ்வொரு கண்ணியும் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் திரும்பவே முடியாது என்று காட்டும் ஒரு வரைபடமாக அது விரிந்தது. சி. ராமகிருஷ்ணனும் சேர்ந்துகொள்ள, 1963இல் மூவர் பெயரிலும் வெளியானது. உலகெங்கும் உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் ராமச்சந்திரன் வரைபடம் என்று இருப்பது அதுதான். இன்றைக்கும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தேன் என்று யார் சொன்னாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

ஹைட்ரஜன் பிணைப்புத் தகராறு என்ன ஆயிற்று? கொலாஜனைப் போலச் செய்த ஒரு சிறு துண்டைப் படிகமாக்கி, ஹெலன் பெர்மனும் பார்பரா பிராட்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 1994இல் அணு அணுவாகப் பார்த்தார்கள். நேரடியான பிணைப்பு ஒன்றுதான். அந்த ஒரு விஷயத்தில் கிரிக் சொன்னது சரி. முறுகிய மூன்று சங்கிலி, நடுவில் கிளைசின் என்ற அடிப்படை சென்னையில் பிறந்தது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. முன்னுரிமை யாருக்கு என்று இன்னும் யாராவது இழுத்தால், 1954 என்ற ஆண்டை மட்டும் சொன்னால் போதும்.

1980களில் இதற்கு மருத்துவமனைகளிலிருந்தே சாட்சி வந்தது. பிறக்கும்போதே எலும்புகள் நொறுங்கிய குழந்தைகளின் கொலாஜனைப் படித்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் கொண்ட சங்கிலியில் ஒரே ஒரு கிளைசின் மட்டும் வேறொன்றாக மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த ஒரு இடத்தில் கயிறு சரியாகத் திரியவில்லை. நடுவில் இடம் இல்லை என்று கங்காரு வாலின் படத்தை வைத்துச் சொன்னது, ஒரு குழந்தையின் தொடை எலும்பில் அப்படியே பொருந்தியது.

சரி, கயிற்றின் வடிவம் தெரிந்துவிட்டது. இங்கேதான் அடுத்த சிக்கல். இந்தக் கயிறுகள் ஒன்றையொன்று கண்டால் ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்து தடித்த நாராகிவிடும். அந்த நார் இழுவைக்கு அசையாது, தண்ணீரில் கரையாது. அப்படிப்பட்டதைத் தனக்குள் வைத்துத் திரிக்கும் செல், தன் கயிற்றில் தானே சிக்கிச் சாகாமல் இருப்பது எப்படி?

*

தோலுக்கு அடியில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் பரவிக் கிடக்கின்றன. கொலாஜன் செய்வதே அவற்றின் முழுநேரத் தொழில். டி.என்.ஏ.யில் எழுதியிருப்பதன் நகலைப் படித்து, ரைபோசோம் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கிறது. வெளியே அனுப்ப வேண்டிய புரதத்தின் தலைப்பில் ஒரு சிறு முகவரித் துண்டு இருக்கும். அதைக் கண்டதும், கோத்து முடிப்பதற்கு முன்பே, சங்கிலி ஒரு சவ்வுக்குள் நுழைக்கப்படுகிறது. எண்டோபிளாச வலைப்பின்னல் என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சவ்வு அறைகள்தான். வெளியேறும் புரதங்கள் இந்த அறைகளிலிருந்து கோல்கை அடுக்குகளுக்கும், அங்கிருந்து செல்லின் ஓரத்துக்கும் பயணிப்பதைக் காட்டியதற்காக ஜார்ஜ் பலாடே 1974இல் நோபல் பரிசு பெற்றார். முகவரித் துண்டைக் கண்டுபிடித்த குந்தர் புளோபெலுக்கு 1999இல் கிடைத்தது.

அறைக்குள் வந்த கொலாஜன் சங்கிலிக்கு ஒரு வேலை நடக்கிறது. அதில் நிறைய இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஓர் ஆக்சிஜன் அணு ஏற்றப்படுகிறது. அப்போது அது ஹைட்ராக்சிபுரோலின் ஆகிறது. இது கோத்த பிறகு செய்யப்படும் மாற்றம் என்பதை முதலில் உணர்த்தியது ஓர் எலிச் சோதனை. மார்ஜரி ஸ்டெட்டன் 1949இல், அடையாளமிட்ட ஹைட்ராக்சிபுரோலினை எலிகளுக்கு ஊட்டினார். அது கொலாஜனில் ஏறவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக ஏறியது. அடையாளமிட்ட புரோலினைக் கொடுத்தபோதோ தாராளமாக ஏறியிருந்தது. வெளியிலிருந்து வரும் ஹைட்ராக்சிபுரோலினைக் கோக்க ரைபோசோமுக்கு வழியே கிடையாது. செல்தான் தன் அறைக்குள் அதைச் செய்தாக வேண்டும்.

தி.நகர் பாண்டி பஜாரில் இன்று மருந்துக் கடையிலும் அழகுப் பொருள் கடையிலும் கொலாஜன் பவுடர் டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் இந்த எலிகளைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. குடித்த கொலாஜன் வயிற்றிலும் குடலிலும் துண்டு துண்டாகிறது. அது அப்படியே கன்னத்தில் போய் உட்காரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் கொலாஜனை உங்கள் செல் புதிதாகத்தான் கோக்கிறது.

அப்படிக் கோப்பதற்கு அதற்கு ஒரு பொருள் கட்டாயம் வேண்டும். வைட்டமின் சி. ஆக்சிஜனை ஏற்றும் என்சைமின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. வேலை செய்யச் செய்ய அந்த இரும்பு அவ்வப்போது கெட்டுப்போகும். அதைத் திரும்பச் சரிசெய்வது வைட்டமின் சி. அது இல்லையென்றால் என்சைம் நின்றுவிடும், சங்கிலியில் ஹைட்ராக்சிபுரோலின் இருக்காது. அப்படிப்பட்ட சங்கிலிகளைச் சேர்த்துத் திரித்தால் கயிறு 24 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே அவிழ்ந்துவிடுகிறது. முறையாகச் செய்த கயிறோ 39 டிகிரி வரை தாங்கும். நம் உடம்பின் சூடு 37. அந்த ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறதா இல்லையா என்பதில் நம் தோலும் ஈறும் நிற்கின்றன.

ஸ்கர்வி என்ற நோயின் கொடுமை இப்போது புரியும். 1740இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆங்கிலேயத் தளபதி ஆன்சனின் கப்பல்களில் மாலுமிகள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அந்தப் பயணக் குறிப்பில் ஒரு கிழவரைப் பற்றி எழுதியிருக்கிறது. 1690இல் பாய்ன் என்ற இடத்தில் நடந்த போரில் அவருக்குக் காயம் பட்டிருந்தது. ஆறி ஐம்பது ஆண்டுகளான அந்தப் புண், கடல் நடுவே மறுபடி வாய் திறந்தது. ஆறிய வடு என்பது முடிந்துபோன காரியமல்ல. அங்குள்ள கொலாஜன் அரிக்கப்பட்டுக்கொண்டும் புதிதாகக் கோக்கப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. கோப்பது நின்றால் அரிப்பது மட்டும் தொடரும். மயிலாப்பூர் மாட வீதிகளில் நெல்லிக்காயைக் கூறு கட்டி விற்கிறார்களே, ஒரு கூறு வாங்கும்போது இந்தக் கிழவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

*

மூன்று சங்கிலிகள் தயார். இனி அவை ஒன்று சேர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? நடுவில் தொடங்கினால் வரிசை பிசகும், ஒரு கிளைசின் தள்ளினாலும் எல்லாம் பாழ்.

அதற்குச் செல் வைத்திருக்கும் ஏற்பாடு அழகானது. ஒவ்வொரு சங்கிலியின் இரு முனைகளிலும் கயிற்றில் சேராத ஒரு கூடுதல் துண்டு தொங்குகிறது. கடைசியாகக் கோத்த முனையில் உள்ள துண்டுகள் உருண்டையாக மடிந்து, எந்த மூன்று சங்கிலிகள் ஒன்று சேர வேண்டும் என்று பார்த்து, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. தோலிலும் எலும்பிலும் உள்ள வகைக்கு இரண்டு சங்கிலிகள் ஒரு மாதிரி, மூன்றாவது வேறு. பிடி கிடைத்ததும் அந்த முனையிலிருந்து மறுமுனை வரை கயிறு திரிந்துகொண்டே போகிறது. திரிந்தது அவிழாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்க, எச்.எஸ்.பி.47 என்ற துணைப் புரதம் அங்கங்கே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

முனைத்துண்டுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவை ஒட்டிக்கொண்டிருக்கும்வரை கயிறுகள் நாராக அடுக்க முடியாது. இப்படி முனை வெட்டாமல் இருக்கும் கயிற்றுக்குப் புரோகொலாஜன் என்று பெயர். அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் 1971இல் தனித்தனியே இதைக் கண்டன. செல் தன் கயிற்றில் தானே சிக்காததன் காரணம் இதுதான். வேலைக்கு உதவாத நிலையில்தான் அதைத் தனக்குள் வைத்திருக்கிறது.

ஆனால் வெளியே அனுப்ப வேண்டுமே. அறைகளிலிருந்து புரதங்களை ஏற்றிச் செல்லும் நுண்பைகள் சாதாரணமாக 60 முதல் 90 நானோமீட்டர் குறுக்களவு கொண்டவை. திரிந்த கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர். அதை மடக்கவும் முடியாது, விறைப்பானது. பைக்குள் நுழையாத ஒன்றைச் செல் நாள் முழுக்க ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது, அதெப்படி என்று பல பத்தாண்டுகள் யாராலும் சொல்ல முடியவில்லை.

2009இல் பார்சிலோனாவிலிருந்து ஒரு பதில் வந்தது. அந்த ஆய்வுக்குழுவின் தலைவர் விவேக் மல்ஹோத்ரா. டாங்கோ1 என்ற புரதம் வெளியேறும் வாசலில் நின்று, ஒரு கையால் உள்ளேயிருக்கும் கொலாஜனையும் மறு கையால் வெளிப்புறத்தில் பை கட்டும் புரதங்களையும் பிடித்துக்கொள்கிறது. பை சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. வாய் பெரிதாகத் திறக்கிறது. டாங்கோ1 இல்லாத எலிக்குட்டிகள் பிறந்தவுடன் இறக்கின்றன. அவற்றின் செல்களுக்குள் கொலாஜன் தேங்கிக் கிடக்கிறது. கயிறு போவது பெரிய பையிலா, இரண்டு அறைகளை இணைக்கும் சுரங்கம் போன்ற வழியிலா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

எப்படியோ, புரோகொலாஜன் செல்லை விட்டு வெளியே வந்துவிட்டது. முனைகள் இன்னும் வெட்டப்படவில்லை. வெட்டாமலே விட்டால் என்ன ஆகும்?

*

பெல்ஜியத்தில் சில கன்றுக்குட்டிகள் அதைக் காட்டின. பிறந்த கன்றைக் கையால் பிடித்தாலே தோல் கிழிந்துவிடும். பரம்பரை நோய் என்பது 1960களில் தெரிந்தது. லியெஜ் நகரத்தில் சார்ல்ஸ் லாபியேரும் உடன் பணியாற்றியவர்களும் அந்தத் தோலில் இருந்த கொலாஜனை எடுத்துப் பார்த்தார்கள். சங்கிலிகள் வழக்கத்தைவிட நீளமாக இருந்தன. ஒரு முனையின் துண்டு வெட்டப்படாமல் அப்படியே தங்கியிருந்தது. அதை வெட்டும் என்சைம் அந்தக் கன்றுகளிடம் இல்லை. கொலாஜன் ஏராளமாக இருந்தும் அது சரியான நாராக அடுக்கவில்லை, ஆகையால் தோலுக்கு வலுவில்லை. 1971இல் வெளியிட்டார்கள். இதே குறை மனிதரிடமும் அபூர்வமாகக் காணப்படுகிறது.

மற்ற முனையை வெட்டுவது எது என்பது இன்னும் கால் நூற்றாண்டு மறைந்திருந்தது. எலும்பை முளைக்கவைக்கும் பொருள்களைத் தேடியவர்கள் 1988இல் ஒரு புரதத்துக்கு பி.எம்.பி.-1 என்று பெயர் வைத்து அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 1996இல் தெரிந்தது, அதுதான் புரோகொலாஜனின் முனையை வெட்டும் என்சைம் என்று. எலும்பு முளைக்கக் கொலாஜன் வேண்டும். கொலாஜன் நாராகத் திரள அந்த முனை போக வேண்டும்.

இரு முனையும் போனதும் நடப்பது வேகமானது. கரைந்திருக்கும் தன்மை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைகிறது. சற்று முன்வரை தனித்தனியே மிதந்த கயிறுகள் தாமாக அடுக்குகின்றன. பிறகு செம்பு அணுவைத் தாங்கிய ஓர் என்சைம் வந்து கயிற்றுக்கும் கயிற்றுக்கும் முடிச்சுப் போடுகிறது. நார் பிறந்துவிட்டது. செல்லுக்கு வெளியே, பாதுகாப்பான தூரத்தில்.

வளர்ப்பதற்கு மட்டுமல்ல, அழிப்பதற்கும் ஆள் வேண்டும். கொலாஜன் நாரைச் சாதாரணச் செரிமான என்சைம்கள் தொட முடியாது. அப்படியென்றால் தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? கன்றுக்குட்டியின் தோலைப் பார்த்த அதே லாபியேர், அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1962இல், பாஸ்டனில் ஜெரோம் கிராஸின் ஆய்வகத்தில் தலைப்பிரட்டையின் வாலிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, கொலாஜன் கூழின் மேல் வைத்தார். சிறிது நேரத்தில் துணுக்கைச் சுற்றிக் கூழ் கரைந்து ஒரு வட்டம் விழுந்தது. கயிற்றை அறுக்கும் ஒன்றை அந்த வால் வெளியே விட்டிருந்தது.

அது மூட்டுவாதத்தில் நம் முழங்காலையும் அறுக்கிறது, புற்றுநோய்ச் செல்லுக்கு வழியும் வெட்டிக் கொடுக்கிறது. ஆனால் செல் அதையும் வேலை செய்ய முடியாத வடிவில்தான் வெளியே அனுப்புகிறது. இது தெரியவந்ததும் அதே 1971இல். அதை எழுப்பிவிடுவது யார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)